புதன்கிழமைத் தட்டும் காசாம்புவின் பத்தியமும்

விருப்ப ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும், எங்கள் மருத்துவமனையின் இளம் செவிலியர்கள் அவ்வப்போது என்னைத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். சென்ற மாதம் கூப்பிட்ட பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சிஸ்டர், மாதவிடாய் நிக்கிற வயசுல மறதி வருதுன்னு வர்றவங்களுக்கு ஹார்மோன் மாத்திரை நல்லதா, மூலிகை நல்லதா? மூளைக்கு நல்லதுன்னு ஒரு மூலிகைக் கேப்சூல் புதுசா கடைக்கு வந்திருக்கு. வாங்கலாமான்னு எல்லாரும் என்னயக் கேக்குறாங்க."

பதிலை அப்போதே சொல்லிவிட்டேன். அந்தப் பதில் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பது தொலைபேசியில் சொல்லும் அளவுக்குச் சின்ன விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் செவிலியர் படிப்பு, அங்கேயே சில வருட வேலை, பிறகு சொந்த ஊரான காரைக்காலில் பிரசவ வார்டு. என் முதல் பாதிக்கு இந்த ஒரு வரி போதும். பிரசவ வார்டில் கை வேலை கற்றேன். கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு என்பதை டாக்டர் எலேனிடம்தான் கற்றேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அவர் எங்கள் மகளிர் பிரிவின் தலைவராக வந்தார். காரைக்காலில் பிறந்தவர், வீட்டில் பிரெஞ்சு பேசிய குடும்பம். ஓ.பி.க்கு வருகிற எந்தப் பெண்ணையும், மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்தவராக இருந்தாலும், "மதாம், உக்காருங்க" என்றுதான் அழைப்பார். அந்தப் பெண் உட்கார்ந்த பிறகே தான் உட்காருவார். வெளியே போனதும் அவர்கள் ஒருவரையொருவர் "என்ன மதாம், பஸ் வந்துருச்சா மதாம்" என்று கேலி செய்து சிரிப்பார்கள். மறு வாரம் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கென்று புதன்கிழமைப் பிற்பகலை அவர் தனியாக ஒதுக்கினார். அதுவரை அவர்கள் கர்ப்பிணிகளின் வரிசையில் கடைசியாக நின்று, ஒரு சத்து மாத்திரையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். உடம்பு குப்பென்று பற்றிக்கொண்டு வியர்ப்பது, தூக்கம் வராதது, காரணமில்லாத கோபம், அடுப்பில் எதை வைத்தோம் என்பது மறந்துபோவது எல்லாவற்றையும் "வயசாச்சுல்ல" என்ற ஒரு சொல்லில் எல்லோரும் முடித்துவிடுவார்கள். டாக்டர் அந்தச் சொல்லை எங்கள் அறையில் யாரும் பேசக் கூடாது என்றார்.

அவர் ஒரு விதி வைத்தார். வருகிற ஒவ்வொருவரும், வாயில் போடுகிற அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வர வேண்டும். டாக்டர் கொடுத்தது, நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது எல்லாமே அதில் அடக்கம். அந்தப் பையைப் பிரிப்பது என் வேலை. ஒரு நீளமான எவர்சில்வர் தட்டு. அதன் மேல் வெள்ளைத் துணி. இடப்பக்கம் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள். வலப்பக்கம் லேகியம், சூரணம், வேர், இலை. எனக்கு அருகில், யார் கொடுத்தது என்று தெரியாதவை. ஒவ்வொன்றுக்கும் யார் தந்தார், எதற்குத் தந்தார், எப்போதிலிருந்து, எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று நான்கு கேள்விகள் கேட்பேன். கேட்டு முடிக்கும்வரை டாக்டர் வாய் திறக்க மாட்டார்.

நாட்டு மருந்தைக் கண்டு அவர் முகம் சுளித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியத்தின் மூடியைத் திறந்து முகர்ந்து, "நல்லா கிண்டியிருக்காங்க" என்பார். பிறகு, "சாப்பிடுங்க மதாம். ஆனா என்கிட்டச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க" என்பார். மறைக்கத் தேவையில்லை என்று தெரிந்ததால் யாரும் எதையும் மறைக்கவில்லை.

மறதி என்று வருகிறவர்களுக்குத் தட்டுக்குப் பிறகு ஒரு சிறு சோதனை இருந்தது. மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் வேறு பேசிவிட்டு, அவற்றைத் திருப்பிக் கேட்பது. பிறகு ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயரைச் சொல்கிறார்கள் என்று எண்ணுவது. ஆடு, மாடு, நாய் என்று சொல்லிவிட்டு எங்கள் கடலோரப் பெண்கள் நின்றுவிடுவார்கள். இரண்டு வாரம் அதைப் பார்த்த டாக்டர், "மிருகத்த விடு தமிழ். கடல்கரைக்காரங்ககிட்ட மீன் கேளு, வயக்காட்டுக்காரங்ககிட்டக் கீரை கேளு" என்றார். என் பெயர் தமிழரசி. அவர் மட்டும்தான் என்னைத் தமிழ் என்று கூப்பிடுவார்.

வெளிநாட்டில் ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்த காலம் அது. வயதானவர்களுக்கு அந்த மாத்திரை நினைவைக் காப்பாற்றும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். காப்பாற்றவில்லை, கெடுக்கவும் கூடும் என்று பிறகு செய்தி வந்தது. அந்தச் செய்தி வராத வீடுகளும் இருந்தன. அறுபத்தைந்தைத் தாண்டிய ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், பிரான்சில் இருக்கும் மகன் சொன்னான் என்று அந்த மாத்திரையைக் கேட்டு வந்தார். உடம்பில் சூடோ வியர்வையோ அவருக்கு இல்லை. ஞாபகத்துக்காக மட்டும் வேண்டுமாம்.

"குடுக்க மாட்டேன் மதாம்" என்றார் டாக்டர்.

"காசு குடுத்து வாங்கிக்கிறேன், நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்."

"அனல் அடிச்சுத் தூக்கம் போற நாப்பத்தெட்டு, அம்பது வயசுக்காரங்களுக்கு இத எழுதுறேன். தூக்கம் திரும்பி வந்தா புத்தியும் தெளியும். ஆனா ஞாபகத்துக்குன்னு ஒங்க வயசுல இதத் தொடங்குறது தப்பு. மகன் கேட்டா டாக்டர் பிடிவாதக்காரின்னு சொல்லிடுங்க."

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்து, "இவங்க என் ஸ்கூல்ல படிச்சிருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்" என்றார். ஆனால் மாத்திரை இல்லாமல்தான் போனார். அதன் பிறகும் தன் சர்க்கரை அளவைக் காட்ட எங்களிடமே வந்தார்.

இனி காசாம்பு.

கிளிஞ்சல்மேட்டுக்காரர். ஐம்பதை ஒட்டிய வயது. சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதில் கணவரை இழந்தவர். கரையில் வந்து இறங்கும் ஃபைபர் படகுகளின் மீனை ஏலம் விடுவது அவர் வேலை. ஊர்ப் பஞ்சாயத்து அனுமதித்த இடம் அது. ஏலம் விடுகிறவர் கையில் எதுவும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. யார் எவ்வளவு கேட்டார், யார் பின்வாங்கினார், எந்தக் குவியல் யாருக்குப் போயிற்று என்பதெல்லாம் தலையில்தான். விற்காமல் மிஞ்சிய மீனை உப்பு போட்டுக் காயவைத்து, கருவாடாக விற்பதும் உண்டு. மகள் சித்ராவைத் திருவேட்டக்குடியில் கட்டிக் கொடுத்திருந்தார்.

முதல் தடவை வந்தபோது குறை சூடும் தூக்கமின்மையும்தான். "அடுப்புக்குள்ள ஒக்காந்த மாரி இருக்கு சிஸ்டர். புடவையப் புழிஞ்சா ஒரு செம்புத் தண்ணி வரும்" என்றார். தட்டில் ஒரே ஒரு லேகியம் இருந்தது. பெரிய கடைத்தெருவில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் காதர் பாய் என்ற வைத்தியர் கொடுத்தது. மறதி என்று அவர் சொல்லாவிட்டாலும், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று டாக்டர் எல்லோருக்குமே அந்தச் சோதனையை ஒரு முறை செய்யச் சொல்லியிருந்தார். மீன் பெயர் சொல்லச் சொன்னேன்.

"எந்த மீனு? வலை மீனா, தூண்டி மீனா, செதில் மீனா, செதில் இல்லாத மீனா?"

"எதுவானாலும் சொல்லுங்க. ஒரு நிமிசம்."

"ஒரு நிமிசம் எப்படிப் பத்தும்?" என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தார். வஞ்சிரம், வாவல், பாறை, சங்கரா, கொடுவா, காரல், கிழங்கான், சூடை, வாளை, நெத்திலி என்று போனது. என் கை எழுதித் தோற்றது. நிமிடம் முடிந்தும் அவர் நிறுத்தவில்லை.

ரத்தப் பரிசோதனைகளையும் மார்பகப் பரிசோதனையையும் முடித்து, குறைந்த அளவு ஹார்மோன் மாத்திரையை டாக்டர் தொடங்கினார். அடுத்த புதன்கிழமைகளில் காசாம்பு தூங்கி எழுந்த முகத்தோடு வந்தார். பிறகு சில மாதங்கள் வரவில்லை. சோதனைக்கு வரச் சொல்லி ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடம் சொல்லி அனுப்பினோம். "கடலு நல்லாக் கெடக்கு, ஓஞ்சதும் வர்றேன்" என்று பதில் வந்தது.

வந்தபோது தானாக வரவில்லை. ஒரு பக்கம் சித்ராவும் மறு பக்கம் கணவரின் தம்பி சேகரும் பிடித்துக் கூட்டி வந்தார்கள். நடை தள்ளாடியது. நான் யார் என்று அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. மீன் பெயர் கேட்டேன். வஞ்சிரம், காரல், வஞ்சிரம் என்றார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடியும் வஞ்சிரம் என்றார்.

சேகர் பேசினார். "டாக்டரம்மா, ஏலத்துல பேரளம் யாவாரி கேட்ட சுறாவத் திருநள்ளாறு யாவாரிக்குத் தள்ளி வுட்டுட்டாங்க. ரெண்டு பேரும் அடிதடி. அதுக்கு மறு நாளு, ஒரு யாவாரிய எங்கண்ணன் பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க. கரையே அப்புடியே நின்னு போச்சு. சுனாமில போனவரு எப்புடிங்க ஏலம் கேப்பாரு? வர்ற அமாவாசைக் கூட்டத்துல எடத்த வேற ஆளுக்கு மாத்திக் குடுக்கறதா பஞ்சாயத்துல பேசிட்டாங்க."

"வேற ஆளுன்னா இவருதான்" என்றாள் சித்ரா.

"நான் கேக்கல. குடுத்தா வேணாம்னும் சொல்ல மாட்டேன்" என்றார் சேகர். உள்ளதைச் சொல்கிற ஆள்.

சித்ரா டாக்டரிடம் திரும்பினாள். "எல்லாம் நீங்க குடுத்த ஹார்மோன் மாத்திரைதாங்க. பேப்பர்லயே போட்டிருக்கானாம், அதத் தின்னா மூள கெடுதுன்னு. இல்லாட்டி எங்கம்மா இப்புடியா இருந்துச்சு?"

அறையில் நின்றிருந்த பயிற்சி மாணவிகள் டாக்டரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் குரல் மாறவில்லை. "இருக்கலாம்மா. நானும் அத நெனைச்சேன். இன்னிக்கே நிறுத்துறேன். ஆனா அதுதான் காரணம்னு இப்பவே முடிவு பண்ணிட்டா, வேற எதையும் தேட மாட்டோம். பையக் குடு."

பையைப் பிரித்தேன். வலப்பக்கம் காதர் பாயின் லேகியம், பாதி டப்பா. இடப்பக்கம் எங்கள் ஹார்மோன் மாத்திரை. அதன் பக்கத்தில் முன்பு இல்லாத ஓர் அட்டை இருந்தது. ஊரில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் ரத்தக் கொதிப்பு என்று கொடுத்தார்களாம். சிறுநீரை அதிகம் பிரியச் செய்கிற வகை மாத்திரை. டாக்டர் அதை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டு, "ரத்தத்துல உப்பு பாரு தமிழ். அவசரம்" என்றார்.

முடிவு மாலைக்குள் வந்தது. சோடியம் மிகவும் இறங்கியிருந்தது. அவ்வளவு இறங்கினால் புத்தி தடுமாறும், நடை தள்ளாடும், வலிப்புகூட வரலாம். காசாம்புவை வார்டில் சேர்த்தோம். நீர் பிரியும் மாத்திரையை நிறுத்தினார் டாக்டர். உப்புக் கரைசலை மிக மெதுவாக ஏற்றச் சொன்னார். இந்த இடத்தை இளையவர்கள் கவனிக்க வேண்டும். இறங்கிய உப்பை ஒரே மூச்சில் ஏற்றினால் மூளைக்கு வேறு கேடு வரும். ஆகவே சொட்டுகளை எண்ணி, இடையிடையே ரத்தம் எடுத்து அனுப்பி, அளவு எவ்வளவு ஏறியது என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். குடிக்கும் தண்ணீரையும் அளந்து கொடுக்க வேண்டும்.

வார்டை விட்டுப் போகும்போது டாக்டர் என்னிடம் சொன்னார்: "அந்த மாத்திரை எறக்கும். ஆனா இவ்வளவு எறக்குறதுக்கு இன்னொரு கை வேணும். இவங்க சாப்பாட்டுல என்ன நடக்குதுன்னு கேளு."

மறுநாள் மதியம் சித்ரா இரண்டு தூக்குகளோடு வந்தாள். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதை அம்மாவுக்குத் திறந்தாள்.

"ஏம்மா ரெண்டு?"

"அம்மாவுக்குத் தனிச் சமையல் சிஸ்டர். பத்தியம். உப்பு கெடையாது, புளி கெடையாது."

"எவ்வளவு நாளா?"

"அது எங்க முடியுது? ஒரு மண்டலம்னுதான் ஆரம்பிச்சுச்சு. நாப்பத்தெட்டு நாளுக்குள்ள உப்பு நாக்குல பட்டா மொதல்லேர்ந்து புடிக்கணுமாம். அம்மா கருவாட்டு யாவாரம். ஓரத்தக் கடிச்சு உப்பு சரியா இருக்குன்னு காட்டாம யாரு வாங்குவா? துப்பிடும். ஆனாலும் பட்டது பட்டதுதானாம். மறுபடி மொதல் நாளு."

"வைத்தியர் அப்படியா சொன்னாரு?"

"வைத்தியர் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. எங்க ஊருல நேந்துக்கிட்டு இருக்குற விரதம் அப்புடித்தான். நடுவுல முறிஞ்சா மொதல்லேர்ந்து. மறதி வர ஆரம்பிச்சதுலேர்ந்து அம்மா இன்னும் கெடுபிடி. பத்தியம் முறிஞ்சதாலதான் மறதின்னு சொல்லும். சூடு தணியணும்னு வெட்டிவேர்த் தண்ணிய வேற பானை பானையாக் குடிக்கும்."

மறதி கூடக்கூடப் பத்தியத்தை இறுக்கியிருக்கிறார். பத்தியம் இறுக இறுக மறதி கூடியிருக்கிறது. கடற்காற்றிலும் உப்பு மூட்டைகளுக்கு நடுவிலும் நாளெல்லாம் நின்றவரின் உடம்பில் உப்பு இல்லை. இதை ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். "அதுதான் இன்னொரு கை" என்றார்.

காரணம் தெரிந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் பேச்சுவாக்கில், "ஒனக்கும் உப்புத் தண்ணிதான் ஏத்துறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கலங்கிய நிலையிலும் காசாம்புவின் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். நான் போனபோது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பத்தியத்த முறிச்சுட்டிங்களே சிஸ்டர். இனிமே எனக்கு எதுவும் தங்காது. எடமும் போயிரும்."

கஞ்சியில் உப்பு போட்டுக் கொடுத்தோம், கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். ரத்தம், உப்பு, மூளை என்று அவர் சொன்ன எதையும் காசாம்பு மறுக்கவில்லை. கேட்டுவிட்டு, "சரிங்க டாக்டரம்மா. பத்தியம் முடிஞ்சதும் சாப்புடுறேன்" என்றார். கையைக் கட்டிப் போட்டு ஏற்றலாம் என்று இளம் மருத்துவர் ஒருவர் சொன்னார். டாக்டர் எலேன் எழுந்து வெளியே வந்தார்.

"தமிழ், ஆட்டோ புடி. அந்தப் பாயக் கூட்டிட்டு வா."

நாட்டு வைத்தியரை எங்கள் வார்டுக்குள் அழைப்பது அதுவரை நடக்காத காரியம். இளம் மருத்துவர், "மேடம், அவரு குடுத்த பத்தியத்தாலதானே..." என்று இழுத்தார். "ஆமா. அதனால அவருதான் முடிச்சு வைக்கணும்" என்றார் டாக்டர்.

காதர் பாய் கடையில் திப்பிலி நிறுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தராசைக் கீழே வைத்தார். "அல்லாவே. உப்பக் கொறைங்கன்னேம்மா, ஒழிங்கன்னு சொல்லல. ஒரு மண்டலம்னேன். அதுக்கப்புறமும் வந்து வந்து லேகியம் வாங்கிட்டுப் போனாங்க. ஒடம்புக்கு ஒத்துக்கிட்டதுன்னு நெனைச்சேன். விட்ட நோன்பத் திருப்பிப் புடிக்கிற மாதிரில்ல புடிச்சிருக்காங்க. மருந்துக்கு ஏதும்மா அந்தச் சட்டம்?" கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளியே நின்றார். டாக்டர் ஒரு நாற்காலியைப் போட்டார்.

"தங்கச்சி, என்னயத் தெரியுதா?"

காசாம்பு கொஞ்ச நேரம் பார்த்தார். "பாய்."

"ஒங்க மண்டலம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. நாந்தான் வந்து சொல்லியிருக்கணும்."

"நடுவுல வுட்டுட்டேன் பாய். கருவாடு..."

"விட்டது போச்சு, அது கணக்குல வராது. மருந்து என்னுது, பத்தியமும் என்னுது. முடிஞ்சுதுன்னு நாந்தான் சொல்லணும். சொல்லிட்டேன். இனிமே இந்த டாக்டரம்மா குடுக்குறத சாப்புடுங்க."

காசாம்பு யோசித்தார். "தலை முழுவாம எப்புடி முடிக்கிறது?"

காதர் பாய் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். எழுந்து குளிக்கும் நிலையில் அவர் இல்லை. ஆனால் படுத்திருப்பவருக்குத் தலை முழுகச் செய்வது எங்கள் பாடத்திலேயே உள்ள வேலை. பாய் வெளியே போனதும் திரையை இழுத்தேன். தலையணையைத் தோளுக்குக் கீழே இறக்கினேன். ரப்பர் விரிப்பின் ஓரங்களைச் சுருட்டி, தண்ணீர் வழிந்து வாளிக்குள் விழும்படி வாய்க்கால் போல அமைத்தேன். காதில் பஞ்சு, கண்ணின் மேல் மடித்த துணி. தண்ணீரின் சூட்டை என் முழங்கையில் பார்த்தேன். சீயக்காய்க்கு வார்டில் வழியில்லை. சித்ரா ஓடிப்போய் வாங்கி வந்தாள். பிரசவ வார்டில் தொடங்கி ஓய்வு பெறும்வரை எத்தனையோ பேருக்கு இதைச் செய்திருக்கிறேன். நான் இதைவிடக் கவனமாகச் செய்தது எனக்கு நினைவில்லை. தலையைத் துவட்டி முடித்ததும் காசாம்பு தானாகவே கையை நீட்டினார். நீட்டியது ஊசிக்காக என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

பிறகு உப்புப் போட்ட கஞ்சி. முதல் வாயை விழுங்காமல் வைத்திருந்தார். "கம்மியா இருக்கு சித்ரா" என்றார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சித்ரா அழுதாள்.

அளவு மெல்ல ஏறியது. தெளிவும் அதன் கூடவே வந்தது. முதலில் என்னை அடையாளம் கண்டார், பிறகு கட்டில் எண்ணைச் சொன்னார், பிறகு எதிர்க் கட்டில்காரரின் மருமகள் சரியில்லை என்று கண்டுபிடித்தார். வீட்டுக்குப் போகும் நாளில் ஹார்மோன் மாத்திரையைப் பற்றி அவரே கேட்டார். டாக்டர் மறைக்காமல் சொன்னார்: "நிறுத்தி வச்சிருக்கேன். நிறுத்தினப்பறமும் உப்பு ஏறுற வரைக்கும் தெளிவு வரல. ஏற ஏறத்தான் வந்துச்சு. அதனால பழி அதும் மேல இல்ல. ஆனா கண்டிப்பா வேணும்னும் இல்ல. அனல் திரும்புனா வாங்க, பேசுவோம்." அனல் திரும்பியது. குறைந்த அளவில் மறுபடி எடுத்துக்கொண்டு, ஒன்றரை வருடம் போல ஆனதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். ரத்தக் கொதிப்புக்கு வேறு வகை மாத்திரை கொடுத்தோம். லேகியம் பிடித்திருந்தால் சாப்பிடலாம், எங்களிடம் சொல்லிவிட்டு. அதன் பிறகு புதன்கிழமைத் தட்டை அடுக்கி முடித்ததும் டாக்டர் தானே ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினார்: "இதுக்காக எதைச் சாப்பிடாம விட்டிங்க மதாம்?" அதற்குக் கிடைத்த பதில்களை எழுதினால் தனிப் புத்தகமாகும்.

ஆகவே என்னைக் கேட்ட பெண்ணுக்கு நான் சொன்ன பதில் இதுதான். இரண்டும் மறதிக்கு மருந்து இல்லை. அனல் தணிந்து தூக்கம் வந்தால் பாதி மறதி தானாகப் போகும்; அதற்கு ஹார்மோன் உதவும், உரிய வயதில், உரிய சோதனைகளோடு. மூலிகையால் சிலருக்கு ஆறுதல் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். புத்தியைக் கூர்மையாக்கியதைப் பார்த்ததில்லை. திடீரென்று வருகிற தடுமாற்றத்தை இந்தப் பருவத்தின் கணக்கில் எழுதிவிடாதே. தைராய்டைப் பார், உப்பைப் பார், ரத்தத்தைப் பார், மனச்சோர்வைக் கேள், தட்டைப் பரப்பு. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

காசாம்புவின் இடத்தைப் பற்றிய அமாவாசைக் கூட்டம் நாங்கள் வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் கூடியது. ஒரு நாள் ஏலம் விடட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று பஞ்சாயத்தார் சொன்னார்கள். சித்ரா வந்து கூப்பிட்டதால் நானும் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் முதல் படகு வந்தது. சங்கராவும் பாறையும் கலந்த குவியல். வியாபாரிகள் வழக்கத்தைவிட நெருக்கமாக நின்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். காசாம்பு குரலை எடுத்தார். விலை ஏறியது. பேரளம், திருநள்ளாறு, நாகூர் என்று மாறி மாறிக் கேட்டார்கள். நாகூர்க்காரருக்கு முடித்தார். உடனே திருநள்ளாறு வியாபாரி, "கடசியா நாந்தான் கேட்டேன்" என்றார்.

காசாம்பு அவரைப் பார்த்தார். "நீ ரெண்டாவதா ஆரம்பிச்ச. பேரளத்து அண்ணன் ஏத்துனாரு, நீ ஏத்துன, மறுபடி அவரு ஏத்துனாரு. நாகூர்க்காரரு ஏத்துனப்ப நீ வெத்தலையத் துப்பத் திரும்புன. திரும்பிட்டு வேணாம்னு தலையாட்டுன. அப்ப நான் முடிச்சுட்டேன். இல்லயா?"

பேரளம் வியாபாரி, "உள்ளதுதான்" என்றார். திருநள்ளாறு வியாபாரி வாயைத் துடைத்துக்கொண்டு, "சும்மா கேட்டுப் பாத்தேன் அக்கா" என்றார்.

குவியலை அள்ளத் தொடங்கினார்கள். காசாம்பு இடுப்பைத் தடவினார், சுற்றிலும் மணலைப் பார்த்தார். "என் சுருக்குப்பை எங்க சித்ரா?" பை அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சேகர் தலைவர் பக்கம் திரும்பினார். "பாத்திங்களா, மறுபடி ஆரம்பிச்சாச்சு."

"ஏன்டா," என்றார் காசாம்பு, பையை இறக்கி இடுப்பில் செருகிக்கொண்டே, "கல்யாணத்தன்னிக்குத் தாலிய எங்க வச்சேன்னு ஊரத் தேட வுட்டவன் நீ. மடியிலயே இருந்துச்சு. ஒன்ன எந்த ஆஸ்பத்திரில சேத்தோம்?"

முதலில் சிரித்தது சேகர்தான். பிறகு கரை முழுவதும் சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்காமல் கடலைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அடுத்த படகு வந்துருச்சு காசாம்பு. போயி நில்லு."